பெயர் தெரியக் கூடாது

கழிப்பறையில் இருபத்திரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதைச் செய்த கம்பெனியின் பெயர், நீல எழுத்தில். டேப்புக்காரர் பதினேழாவது தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஈரத் துணியால் எழுத்தைத் துடைத்தார், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தார், வெள்ளை டேப்பை நாலு விரல் அகலத்துக்கு இழுத்துக் கத்தரித்தார். பிறகு அந்தத் துண்டின் நான்கு மூலைகளையும் நகம் வெட்டுவதுபோல வளைத்து நறுக்கினார். மூலை கூராக இருந்தால் இரண்டே நாளில் தூக்கிக்கொள்ளும். வளைவாக இருந்தால் எத்தனை பேர் கை பட்டாலும் அசையாது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவராகவே கண்டுபிடித்தது. அந்த மைதானத்தில் பன்னிரண்டு பேர் டேப் ஒட்டினார்கள். மூலையை வளைத்து வெட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

உலகமே பார்க்கப் போகிற போட்டி. ஒரு குளிர்பானக் கம்பெனி, ஒரு வங்கி, ஒரு செருப்புக் கம்பெனி, இன்னும் ஏழெட்டுப் பேர் கோடி கோடியாகக் கொட்டியிருந்தார்கள். கொட்டியவர்களின் பெயர் மட்டும்தான் மைதானத்துக்குள் தெரிய வேண்டும், வேறு எந்தப் பெயரும் தெரியக் கூடாது. தண்ணீர்க் குழாய், மின்விசிறி, தீயணைக்கும் உருளை, லிஃப்டின் பொத்தான் பலகை, காவலாளி உட்காரும் நாற்காலி என்று எதில் பெயர் இருந்தாலும் டேப் விழும். வேலையாட்களின் பனியன்மேலும் விழுந்தது. "பொண்டாட்டி பேரைப் பச்சை குத்தினவன்லாம் முழுக்கை சட்டை போட்டுக்கங்கடா, டேப் அண்ணே வர்றாரு" என்று கொத்தனார்கள் கிண்டலடிப்பார்கள். "உன் பொண்டாட்டி பணம் கட்டியிருந்தா விட்டுடறேன்" என்று அவரும் சிரிப்பார். அதெல்லாம் முன்பு. மூன்று வாரமாக அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை, அவர்களும் வாயைக் கிளறுவதை விட்டுவிட்டார்கள்.

பட்டியல் மேடம் கதவோரம் வந்து நின்றாள். கம்பெனிகளின் சார்பாக வந்தவள். எந்தப் பெயர் இருக்கலாம், எது கூடாது என்ற பட்டியல் அவள் கையை விட்டு இறங்கியதே இல்லை. சின்ன வயது, நல்ல பெண்தான். எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, நாளைக்குக் காலைல மேற்கு வாசலுக்கு வந்துடுங்க. தொழிலாளிங்களுக்குப் போட்டிருக்கற நன்றி மேடைக்கு வர்றவங்க அந்த வழியாத்தான் உள்ள போவாங்க. அங்கேயே கேமராவும் இருக்கும். உங்க மச்சினனும் வர்றாராமே?"

"ஆமா மேடம்."

"பாவம். மேல ஏறும்போது பெல்ட் மட்டும் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது இல்லண்ணா?"

டேப்புக்காரர் பதினெட்டாவது தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். காலடியில் கிடந்த பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். மச்சினன் பெல்ட் போட்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்த பெல்ட் பையின் அடியில்தான் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒத்திகையைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வந்த சமயம் அது. கூரை விளிம்பில் நின்று பேனர் கட்டுகிறவர்களும் படத்தில் விழுவார்கள், அதனால் அவர்கள் இடுப்பு பெல்ட்டில் உள்ள பெயரும் தெரியக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்டோரில் நாற்பது பெல்ட்டுகள் ஆணிகளில் தொங்கின. நாற்பது பேருக்கு நாற்பது என்று ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டும். அதற்காகத் தையல் நைந்துபோன பெல்ட்டுகளையும் காண்ட்ராக்ட் கம்பெனி கழிக்காமல் வைத்திருந்தது. வெட்டிப் போட வேண்டியவை. ஸ்டோர்காரர் தன்னால் முடிந்ததாக, அவற்றில் தைத்திருந்த பெயர்ச் சீட்டில் சிவப்பு மையால் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, நல்லதோடு சேர்த்தே மாட்டியிருந்தார். சிவப்புக் கோடு போட்டதைத் தொடக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருஷம் கயிற்றில் தொங்கி பெயிண்ட் அடித்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று இந்த வேலைக்கு வந்த டேப்புக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா?

பெயரை மட்டும் மறைக்க வேண்டும், மற்ற எழுத்தை விட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, நடுவே குறுக்காக மங்கலாக ஒருமுறை என்று போட்டிருந்தது. மற்றவர்களாக இருந்தால் மூன்று சின்னத் துண்டு ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் சீட்டின் அளவுக்கே ஒரே துண்டாக வெட்டி, மூலையை வளைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்டினார். மேடம் வாசலில் நின்று, "இவரைப் பாத்துக் கத்துக்கங்க, ஒரு எழுத்து தெரியுதா பாருங்க" என்று மற்ற ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. நாற்பத்தாறு வயதில் இப்படி நாலு பேர் முன்னால் அவரை யாரும் பாராட்டியதில்லை.

முதல் சிவப்புக் கோடு வந்தபோது கை நின்றது. ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் ஒட்டினார். அதுபோல ஐந்து வந்தன, ஐந்தையும் ஒட்டினார். ஸ்டோர்காரர் திரும்புவதற்குள் வடக்குப் பக்கம் ஓடச் சொன்னார்கள், ஓடினார். சொல்ல வேண்டியது அப்படியே மறந்துபோனது. மறுநாள் காலையில் ஆட்கள் வந்து வழக்கம்போல அவரவர் கைக்கு எட்டிய பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போனார்கள்.

மச்சினன், மனைவியின் தம்பி, பேனர் கட்டுகிற கூட்டத்தில் இருந்தான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் டேப்புக்காரர்தான். குளிர்பானக் கம்பெனியின் பெயரை மேற்குக் கூரையில் இழுத்துக் கட்டும்போது அவன் கால் வழுக்கியது. பெல்ட் அவனைப் பிடித்திருக்க வேண்டும். தையல் பிரிந்து, கயிறும் கொக்கியும் மேலே குழாயிலேயே தங்கிவிட, அவன் மட்டும் பார்வையாளர் படிக்கட்டில் வந்து விழுந்தான்.

சத்தம் கேட்டு முதலில் ஓடியது டேப்புக்காரர்தான். அவன் மூச்சுக்குத் திணறினான். இடுப்பில் இறுகியிருந்த பெல்ட்டை இவர் கழற்றினார். அவனுக்குச் சற்று சுகமாக இருக்கட்டும் என்றுதான் கழற்றினார். கையில் எடுத்த பிறகுதான் பக்கிளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற டேப்பைப் பார்த்தார். வெயில் பட்டதில் டேப்புக்கு அடியில் இரண்டு சிவப்புக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. படிக்கட்டில் ஆட்கள் ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவருடைய கை பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தது. அதன் பிறகே அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்த வரிசையை நினைத்தால் அவருக்கு இன்னமும் உடம்பு கூசும்.

"பெல்ட் எங்க? இவன் பெல்ட் போடலையா?" என்று காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜர் கத்தினார். டேப்புக்காரர் குனிந்து மச்சினனின் நெற்றியைத் துடைத்தார். மேலே குழாயில் ஆடிக்கொண்டிருந்த கயிறு மாலைக்குள் காணாமல் போயிருந்தது. அதைக் கழற்றச் சொன்னது மேனேஜர் என்று பேச்சு. டேப்புக்காரர் எப்படி அதைப் பற்றிக் கேட்பார்?

மச்சினனின் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு மாதத்துக்குள் ஒரு ஆபரேஷன் செய்தால் எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். வேலை இடத்தில் அடிபட்டவர்களின் வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் பெல்ட் போடாமல் ஏறியவனுக்கு அது கிடையாது. அவனை அழைத்து வந்து டேப்புக்காரரின் ஒரே அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கணவனும் மனைவியும் தரையில் படுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜரே வீட்டுக்கு வந்தார். ஒரு சக்கர நாற்காலி, நன்றி மேடைக்கு இரண்டு டிக்கெட், ஒரு தாள்.

"கம்பெனி மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சும் முதலாளிக்கு மனசு கேக்கல. அதான் வண்டி வாங்கி அனுப்பியிருக்காரு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும்."

மச்சினன் படுத்தபடியே தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தான். "பெல்ட் போடாம ஏறினது என் தப்புன்னு எழுதியிருக்கு. சார், நான் போட்டிருந்தேன் சார். டக்குனு மாட்டின சத்தம் கூட இன்னும் காதுல இருக்கு. பக்கிள் பக்கத்துல கட்டைவிரல்ல வழவழன்னு டேப் பட்டுச்சு. மூலைல்லாம் வளைவா இருந்துச்சு."

"அப்ப பெல்ட் எங்கப்பா போச்சு? கீழ கிடந்தப்ப உன் இடுப்புல இல்லையே?"

மச்சினன் தலையைத் திருப்பினான். "மாமா, நீங்கதானே மொதல்ல ஓடி வந்தீங்க? சொல்லுங்க மாமா."

அடுப்பருகே நின்ற மனைவியும் திரும்பிப் பார்த்தாள். பை அவருக்குப் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கியது. எழுந்து நின்று கையை நீட்டினால் போதும். ஆனால் நீட்டினால் பெல்ட் மட்டுமா வெளியே வரும்? அவர் செய்த நேர்த்தியான வேலையும் கூடவே வரும். சிவப்புக் கோட்டைப் பார்த்தீங்களா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவரால் அந்த அறையில் இருக்க முடியாது.

"பதட்டத்துல நான் சரியாக் கவனிக்கல மாப்ள" என்றார்.

மச்சினன் தாளை நெஞ்சின்மேல் இறக்கி வைத்தான். "இந்த மாத்திரை போட்டதுலேர்ந்து எது நெஜம் எது கனவுன்னே புரிபடல. அன்னைக்குக் காலைல மாட்டினதைத்தான் நெனச்சுட்டு இருக்கேனோ என்னமோ" என்றான். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

மேனேஜர் போனதும் மனைவிக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "ஒரு பெல்ட்டை மாட்ட உனக்கு என்னடா கேடு? மாமா உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்காரு? சேத்துவிட்ட மனுஷன் பேரைக் கெடுத்துட்டியே. அவரு இப்ப அங்க எந்த மூஞ்சியோட நடப்பாரு?" சொல்லிவிட்டுத் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. "தப்புதான்க்கா. மாமா, மன்னிச்சிருங்க" என்றான் அவன். டேப்புக்காரர் வெளியே போய்ப் பொதுக் குழாயில் கையைக் கழுவினார். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்னால் ஒரு பெண் குடத்தோடு வந்து நிற்கும் வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

திறப்பு விழா அன்று காலையில் அவர் ஒரு முடிவோடுதான் கிளம்பினார். தொழிலாளர் துறை அதிகாரி நன்றி மேடைக்கு வருகிறார் என்று கேள்வி. பெல்ட்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "ஐயா, இது என் மச்சினன் போட்டிருந்த பெல்ட்." அதற்கு அடுத்த வாக்கியம் மட்டும் எவ்வளவு முயன்றும் அமையவில்லை.

மேற்கு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிகாரி மேனேஜரோடு சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். தலையில் வங்கியின் பெயர் போட்ட தொப்பி. டேப்புக்காரர் பையின் ஜிப்பில் கை வைத்தபடி இரண்டடி முன்னால் வந்தார். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"சார், இவர்தான் நம்ம டேப் அண்ணன். இந்த மைதானத்துல ஒரு எழுத்து விடாம மறைச்சவரு."

"அப்படியா? நானும் கவனிச்சேன். ரொம்ப சுத்தமான வேலை" என்று அதிகாரி கையை நீட்டினார். ஜிப்பிலிருந்து கையை எடுத்தால்தான் குலுக்க முடியும். டேப்புக்காரர் எடுத்தார், குலுக்கினார், "நன்றி சார்" என்றார். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். தன் வாயிலிருந்து வந்த அந்த நன்றியை நினைக்கையில் அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

பத்து மணி வாக்கில் மனைவி தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலை வாரி, தோய்த்த சட்டை போட்டுவிட்டிருந்தாள். பட்டியல் மேடம் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நாற்காலி செய்த கம்பெனி தன் பெயரைக் கைப்பிடியில் சின்னதாகவும் முதுகில் ஒரு முழ அகலத்துக்கும் போட்டிருந்தது.

"அண்ணா, சீக்கிரம். இன்னும் அஞ்சு நிமிஷத்துல கேமரா இந்தப் பக்கம் வந்துடும்."

டேப்புக்காரர் மச்சினனுக்குப் பின்னால் மண்டியிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து வேலை செய்யப் பார்த்தார். அது சரிந்து சரிந்து முன்னால் வந்து விழுந்தது. "அதைக் கழட்டித்தான் குடுங்களேன்" என்று மனைவி உரிமையோடு இழுத்து எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தாள். அவர் கையில் கறுப்பு டேப் பாதி ஒட்டியபடி இருந்தது. விட்டால் சுருண்டுவிடும்.

"வேணாம், அதைக் கீழ வை."

"இருக்கட்டும் மாமா. என்ன வேணும்? கத்திரியா? நான் எடுத்துத் தர்றேன்."

"மாப்ள, வேணாம்டா—"

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவருக்குத் தெரிந்தது மச்சினனின் பின்னந்தலையும் வலது தோளும்தான். தோள் அசைந்தது, பைக்குள் துழாவியது, பிறகு நின்றுவிட்டது. வெகு நேரம் அப்படியே நின்றது. அவன் கட்டைவிரல் இப்போது எதைத் தடவிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வளைவாக வெட்டிய நான்கு மூலைகளையும் அவர் தன் விரலிலேயே உணர்ந்தார். உள்ளே மைதானத்தில் மேளமும் கைதட்டலும் ஆரம்பித்தன.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தான், இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுபோனான்.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஏதுடா இது? யாரு பெல்ட்டு?" என்றாள் மனைவி. மேடம் பட்டியலோடு முன்பக்கம் வந்து குனிந்தாள்.

"வண்டில விழாம இருக்கறதுக்கா? நல்லது. ஆனா இதுல பேர் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்" என்றான் மச்சினன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இதை மாமா அப்பவே ஒட்டிட்டாரு. ஒரு எழுத்து தெரியாது."

மேடம் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். "ஆமா, சுத்தமா இருக்கு" என்று பட்டியலில் ஒரு டிக் போட்டாள். "நீங்க உள்ள போகலாம்."

மனைவி ஒரு கணம் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்காமல், ஒட்டாமல் நின்ற மீதி டேப்பை நாற்காலியின் முதுகில் அழுத்தித் தேய்த்தார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னதால் அவள் நாற்காலியைத் தள்ளினாள். தையல் பிரிந்த வார் நுனி மச்சினனின் இடுப்போரம் வெளியே நீட்டி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடிக்கொண்டே போனது. எதிரே பெரிய திரையில் 'எங்கள் உழைப்பாளிகளுக்கு நன்றி' என்று வந்தது. அதற்குக் கீழே குளிர்பானக் கம்பெனியின் பெயர், ஆள் உயர எழுத்தில்.

"அண்ணா, எழுந்திருச்சுடாதீங்க. அடுத்தவர் வந்துட்டாரு பாருங்க. ஊன்றுகோல்ல பேர் இருக்கு."

டேப்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஊன்றுகோல்காரருக்குப் பின்னால் கையில் கட்டுப் போட்ட ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொரு சக்கர நாற்காலி, அதற்கும் பின்னால் இரண்டு. வரிசை வாசலைத் தாண்டி வளைந்து போயிருந்தது. கத்தரி பையோடு மச்சினன் மடியில் போய்விட்டது. அவர் டேப்பை இழுத்துப் பல்லால் கடித்துக் கிழித்து ஊன்றுகோலில் ஒட்டினார். மூலை கூராகவே நின்றது.